இரண்டு தொடருக்கும் ஒரே ஆஸ்பத்திரி

எங்கள் குவார்ட்டர்ஸ் டிவியைப் போட்டால் முதலில் சத்தம்தான் வரும். படம் தெளிய அரை நிமிடம் ஆகும். அதற்குள் குரலை வைத்தே யார் அழுகிறார்கள் என்று செல்வி சொல்லிவிடுவாள்...

செல்வி என்னோடு பிளஸ் டூ படித்தவள். சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். நிலம் நிலக்கரி மைன்ஸுக்குப் போனபிறகு அவள் அப்பா அங்கேயே கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தார். என் அப்பா பெர்மனென்ட். அவர்கள் வீட்டில் டிவி கிடையாது. ஸ்கூல் விட்டதும் என்னோடு வந்து, படித்துவிட்டு, ஆறரை மணித் தொடரையும் ஏழு மணித் தொடரையும் பார்ப்பாள். ஏழரைக்கு அவள் அப்பா சைக்கிளில் வந்து கேட் பக்கத்தில் நிற்பார். உள்ளே வரமாட்டார்.

ஆறரை மணித் தொடரில் பஸ் விபத்தில் காணாமல் போன புருஷனை ஒருத்தி தேடிக்கொண்டிருந்தாள். ஏழு மணித் தொடரில் ஒரு பணக்கார வீட்டுக்கு டிரைவர் ஒருவன் வந்து சேர்ந்தான். எந்த ஊர் என்று கேட்டால் சொல்லமாட்டான்.

"ரெண்டும் ஒரே கதைடி. அந்த டிரைவர்தான் இவ புருஷன்" என்றாள் செல்வி.

"மூஞ்சியே வேறடி."

"அதான் ஆஸ்பத்திரி காட்டினாங்க இல்ல? ரெண்டுலயும் ஒரே ஆஸ்பத்திரி."

"ஒரே செட்டு. போர்டை மாத்த மறந்திருப்பாங்க."

"போர்ட மறப்பாங்க. நர்ஸு பேரயுமா மறப்பாங்க? நீ பாத்துகினு இரு."

நான் சிரித்தேன். அடுத்த வாரம் நானும் அந்த நர்ஸைத் தேட ஆரம்பித்தேன்...

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில், தொடர்கள் எப்படிப் போகும் என்று வாசகர்களை எழுதச் சொல்லியிருந்தார்கள். செல்வி நான்கு பக்கம் எழுதினாள். பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று அவள் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"பேரு புக்குல வந்தா அப்பாகிட்ட காட்டணும்டி" என்றாள்.

என் கையெழுத்து அழகு என்று என்னிடம் கொடுத்தாள். நான் நகல் எடுத்தேன். கடைசியில் என் பேரை எழுதினேன். கவரை ஒட்டினேன்.

அம்மாதான் அப்படிப் போடச் சொன்னாள் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை.

அது அச்சில் வந்தது. பிரேயரில் தலைமையாசிரியை என் பேரை வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். செல்வியும் தட்டினாள். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

சில மாதம் கழித்து இரண்டு தொடரையும் சேர்த்து மகாசங்கமம் என்று ஒரு வாரம் ஓட்டினார்கள். டிரைவர்தான் புருஷன். நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன்... அதற்குள் செல்விக்குக் கல்யாணமாகியிருந்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சேத்தியாத்தோப்பில் ஒரு ஜவுளிக்கடையில் அவளைப் பார்த்தேன். அங்கே வேலை பார்க்கிறாள்; வந்தவர்களுக்குப் புடவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்து சிரித்தாள். கூட்டம் குறைந்ததும், அன்று செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

விரித்த புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த புக்க வாங்கினு போய் அப்பாகிட்ட காட்டினேன்டி. இது நான் எழுதினதுன்னு சொன்னேன். அப்ப உன் பேரு எங்கன்னு கேட்டாரு. நான் பொய் சொல்றேன்னு நெனச்சிகினாரு. போயி சேர்ற வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சிகினு இருந்தாரு."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த கஸ்டமர் வந்ததும் எழுந்து போய்விட்டாள்.

என் மகள் இப்போது யூடியூபில் தியரி வீடியோ பார்க்கிறாள். இந்த சீரிஸும் அந்த சீரிஸும் ஒரே உலகத்தில் நடக்கிறது என்று முகம் தெரியாத பிள்ளைகள் மணிக்கணக்கில் நிரூபிக்கிறார்கள். முதலில் கண்டுபிடித்தது யார் என்று கீழே பேர் போடுகிறார்கள். போடாதவனைக் கமென்ட்டில் கிழித்துவிடுகிறார்கள்.

எங்கள் காலத்தில் என்னைக் கிழிக்க யாரும் இல்லை. செல்விகூடக் கைதான் தட்டினாள்.

அந்தத் தியரி செல்வியுடையது. இத்தனை வருடம் கழித்து இங்கே எழுதுகிறேன். அவள் ஃபேஸ்புக்கில் இல்லை. நீங்கள் போடப்போகும் லைக்கும் என் பேருக்குத்தான் வரும்.