ஓர் உருட்டுக்கு ஒரு வார்த்தை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். அதனால் அண்ணன் மகளை சிவகாசியில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

யூ.கே.ஜி.யில் இரண்டே இடம் மிச்சம் என்றார்கள். நேர்காணலில் படத்தைக் காட்டினால் அதே ஓசையில் முடியும் வேறு வார்த்தைகளைப் பிள்ளை சொல்ல வேண்டும். பூனையைக் காட்டி கேட் என்றால் பேட், மேட். பென் என்றால் ஹென், டென். ஒரு மாதம் எங்கள் நாரணாபுரம் வீட்டில் சாயங்காலமெல்லாம் இதே சத்தம்தான். மதினி பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டுவாள். கம்பியில் தாளைச் சுற்றி, பலகையில் வைத்து உள்ளங்கையால் ஒரு தள்ளு. வேதிப்பொருள் எதுவும் இல்லாத வெற்றுக் குழாய்தான். பிள்ளை அம்மாவின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்து, ஓர் உருட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லும். கூடவே அதன் கையும் மடியில் முன்னும் பின்னும் போகும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நேர்காணலுக்கு முந்தின நாள் கண்டிப்பாகச் சொன்னேன்: "கையைக் கட்டிக்கிட்டுத்தான் உக்காரணும். ஆட்டுனா சீட் கிடையாது."

மதினியிடமும் சொன்னேன்: "நீங்க அங்கன வாயைத் திறக்காதீக."

"ஏத்தா, வாயை வீட்லயே வச்சிட்டு வரவா?" என்றாள். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை முதல் அட்டையை எடுத்தார். பேனாப் படம்.

"இது என்னம்மா?"

"பென்."

"பென் மாதிரி இன்னொரு வார்த்தை?"

பிள்ளை கைகளை இறுகக் கட்டியிருந்தது. விரல்கள் அக்குளுக்குள் புதைந்திருந்தன. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்து சூரியன். அதற்கும் மௌனம். கதவுக்கு வெளியே வேறொரு பிள்ளை வார்த்தைகளைக் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"ஹெ..." என்று நான் முணுமுணுத்தேன்.

"நீங்க சொல்லக் கூடாது மேடம்."

"வீட்ல நல்லா சொல்லுவா மிஸ்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." கடைசி அட்டையை மேசைமேல் வைத்தார். பூனைப் படம். "இதுவும் வரலேன்னா அடுத்த வருஷம் பார்ப்போம்."

பிள்ளை என்னைப் பார்த்தது. அதன் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. கையை மட்டும் அவிழ்க்கவில்லை.

அப்போது மதினி என் முன்னால் இருந்த விண்ணப்பத்தை எடுத்தாள். நான் மூன்று முறை சரிபார்த்து, கசங்காமல் கோப்பில் கொண்டுவந்த விண்ணப்பம். அதை ஆசிரியையின் பேனாவில் சுற்றி, மேசை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினாள்.

"மதினி!" என் குரல் கீச்சென்று வந்தது.

அவள் திரும்பவில்லை. இழுத்து மறுபடி உருட்டினாள். பிள்ளையின் கைகள் மெதுவாக அவிழ்ந்தன.

"பேட்," என்றது.

இன்னோர் உருட்டு. "மேட்." இன்னொன்று. "ரேட். ஹேட்."

ஆசிரியை பழைய அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். ஹென், டென், மென். ரன், பன், கன். நடுவில் மதினி கையை நிறுத்திவிட்டாள். பிள்ளை நிறுத்தவில்லை. தன் மடியில் வெறுங்கையை உருட்டி உருட்டிச் சொல்லிக்கொண்டே போனது.

"போதும்மா, போதும்," என்று ஆசிரியை சிரித்தார். பிறகு மதினியைப் பார்த்தார். "ஃபாரத்தை இப்படி ஆக்கிட்டீங்களே."

"கசங்காது டீச்சர். நான் உருட்டுனா ஒரு மடிப்பு விழாது, பிரிச்சுப் பாருங்க."

பிரித்தார். தாள் மறுபடி சுருண்டுகொண்டது. இரு கையாலும் பிடித்து வாசித்தவர் ஓரிடத்தில் நின்றார். "அம்மா தொழில், இல்லத்தரசி. இதை எழுதினது யாரு?"

"நான்தான்," என்றேன்.

"என்ன போட்டிருக்கு?" மதினி என்னிடம்தான் கேட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. "வீட்ல இருக்கீகன்னு."

"வீட்லதான் இருக்கேன். சும்மாவா இருக்கேன்?"

ஆசிரியை இழுப்பறையைத் திறந்து புது விண்ணப்பம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "நிரப்பி ஆபீஸ்ல கொடுங்க. அப்படியே பிள்ளைக்கு யூனிஃபார்ம் அளவும் கொடுத்துட்டுப் போங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அம்மா தொழில் என்ற கட்டம் வந்ததும் பட்டாசுக் குழாய் உருட்டுதல் என்று எழுதினேன். கட்டம் போதவில்லை, ஓரத்தில் எழுத்துகள் நெருக்கியடித்து நின்றன.

மதினி என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தாள். விரல் வைத்து வாசித்துக் காட்டினேன்.

"இம்புட்டு நீளமா?" என்றாள். மை காயும்வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.