புதுமாப்பிள்ளை வண்டி

பார்சல் கம்பெனியில் அவருக்குப் 'புதுமாப்பிள்ளை' என்று பெயர். வயதென்னவோ ஐம்பத்து நாலு. பார்சல் சுமந்து பதினோரு வருடம் ஓடிய தன் மோட்டார் சைக்கிளை அப்படிச் சீவிச் சிங்காரித்து வைத்திருந்ததால் வந்த பட்டம் அது. ஞாயிறுதோறும் துடைப்பார். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் நிப்பிள் துளையில் கிரீஸ் அடிப்பார். ஓரத்தில் பிதுங்கியதும், "வயிறு நெறஞ்சிடுச்சு" என்று துணியால் வழித்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். 'டக்' என்றது. மறுநாள் காலை கம்பெனியில் வண்டிச் சோதனை. ஆடுகிற வண்டியை நிறுத்திவிடுவார்கள். வண்டி நின்றால் வேலையும் நின்றது. இந்த வயதில் வேறு எவன் சேர்த்துக்கொள்வான்?

முன்னறையில் செங்கல் அடுக்கி, வண்டியை ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினார். ஆர்மைப் பிடித்திருக்கும் நீள போல்ட் அசைவேனா என்றது. எண்ணெய் விட்டார், தட்டினார், கெஞ்சவும் செய்தார். மனைவி வண்டியை அணைத்துப் பிடித்துக்கொள்ள, சுத்தியலால் ஓங்கிப் போட்ட பிறகுதான் வெளியே வந்தது. உடம்பெல்லாம் துரு. நடுவில் தேய்ந்து பாதியாகியிருந்தது. கிரீஸ் போகும் துளை கல்லாக அடைத்துக் கிடந்தது. இத்தனை வருடம் அடித்ததில் ஒரு பொட்டுகூட உள்ளே போகவில்லை. பிதுங்கியதைப் பார்த்து நிறைந்ததென்று நம்பிய தன் மடத்தனத்தை நினைக்க அவருக்கு அழுகையே வந்தது.

"கடையெல்லாம் மூடியிருக்கும். நாளைக்கு லீவு போட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"சோதனைக்கு வராதவன் பேரை அடிச்சிடுவாங்கடி."

வேறு வழி? கிரீஸை அள்ளி அப்பி, அதே போல்ட்டை மாட்டி முடுக்கினார். ஆட்டிப் பார்த்தார், சத்தமில்லை. கிரீஸ் கெட்டியாக இருக்கும்வரை அது வாயை மூடிக்கொண்டிருக்கும். எத்தனை கிலோமீட்டருக்கு என்று யார் கண்டது?

மறுநாள் சோதனைக்காரர், முன்னால் நின்ற இரண்டு வண்டிகளை ஆட்டிப் பார்த்து ஓரங்கட்டினார். இவருடையதைத் தொடக்கூட இல்லை.

"புதுமாப்பிள்ளை வண்டியவா பாக்கணும்? கண்ணுல ஒத்திக்கலாம்," என்று தாளில் டிக் அடித்தார்.

இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது உட்கார இடம் தேடுவதற்குள் சரக்குப் பிரிப்பவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"ரெண்டு வண்டி கொறைஞ்சுபோச்சு. மேட்டு ரோட்டுக்கு இரும்புச் சாமான் நாலு பெட்டி கெடக்குது. எதுல ஏத்துறது?"

சோதனைக்காரர் யோசிக்கவே இல்லை. "அவரு வண்டியில ஏத்து. இருக்கறதுலயே நல்ல வண்டி அதுதான்."

வாயைத் திறந்தால் வேலை போய்விடும். அவர் திறக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாக ஏற, வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போனது.

நாலாவதையும் இறுக்கிக் கட்டிவிட்டுச் சரக்குக்காரர் சொன்னார்: "எறக்கத்துல மட்டும் பாத்துப் போங்கண்ணே."

புதுமாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கியரைப் போட்டார்.