மிஸ்ஸி மிதித்த வயர்

கறுப்பு வயர் அது. மண்டபத்துச் சுவரில் இருக்கிற பிளக்கிலிருந்து கதிரைகளுக்கு நடுவே ஓடி, படம் காட்டும் புரொஜெக்டர் வரைக்கும் போகும். நடப்பவர்களின் கால் தடுக்கக்கூடாது என்று அங்கங்கே பிளாஸ்டர் ஒட்டியிருப்பார்கள். திருகோணமலைத் துறைமுக வீதிக்குப் பக்கத்திலுள்ள அந்த மண்டபத்துக்குள் இன்றைக்கு நுழைந்தாலும், மேடையைப் பார்ப்பதற்கு முன் அந்த வயர் எந்தப் பக்கத்தால் ஓடுகிறது என்றுதான் என் கண் தேடும். அதன்மேல் ஒரு நாள் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட கால் ஒன்று அசையாமல் நின்றது. அந்தக் காலுக்குரியவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவரை நாங்கள் மிஸ்ஸி என்றே கூப்பிட்டோம். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தாதிமார் எல்லோருமே மிஸ்ஸிமார்தான், ஆனாலும் எங்கள் வகுப்பில் தாதி அவர் ஒருவர். மற்ற எல்லோரும் என்னைப்போலச் சட்டத்தரணிகள், இல்லாவிட்டால் கந்தோர் உத்தியோகத்தர்கள். சுகாதாரச் சட்டத்தில் முதுகலைப் படிப்பு, சனி ஞாயிறுகளில் வகுப்பு. கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து பஸ்ஸில் வருவார். ஆஸ்பத்திரி வாட்டில் இரவு வேலை முடித்துவிட்டு நேரே வந்து முன்வரிசையில் இருப்பார். சட்டம் படித்தவர்கள் என்ற தலைக்கனம் எங்களுக்குக் கொஞ்சம் இருந்தது. விரிவுரையாளர் "நோயாளியின் இரகசியம்" என்று தொடங்கினால் போதும், மிஸ்ஸி கையைத் தூக்கிவிடுவார். "சேர், எங்கட வாட்டில டொக்டர் ரவுண்ட்ஸ் வரக்கொள்ள கட்டிலுக்குக் கட்டில் ஆருக்கு என்ன வருத்தம், என்ன நோயெண்டு சத்தமாத்தான் சொல்லுவாரு. பக்கத்துக் கட்டிலுக்குப் பாக்க வந்த ஆக்களும் கேட்டுக்கொண்டு நிப்பாங்க. இதுக்குச் சட்டம் என்ன சொல்லுது?" சட்டம் நிறையச் சொன்னது. வாட்டுக்குள் அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

படிப்பின் கடைசிப் பகுதி உள்ளகப் பயிற்சி. துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் அலுவலகத்தில் நோயாளிகளுக்கான சட்ட உதவி மேசையில் என்னையும் மிஸ்ஸியையும் சோடியாகப் போட்டார்கள். வருத்தத்தைக் காரணம் காட்டி வேலையால் நிறுத்தப்பட்டவர்கள், தங்கள் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு அலைந்தவர்கள் என்று ஆட்கள் வருவார்கள். நான் சட்டப் பிரிவைத் தேடிக்கொண்டிருக்க, மிஸ்ஸி வந்தவருக்குத் தண்ணி கொடுத்து முழுக்கதையையும் கேட்டு முடித்திருப்பார். பயிற்சி முடிவில் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியின் பிரச்சினையை அறிக்கையாக எழுதி, மண்டபத்தில் தேர்வுக் குழுவுக்கு முன்னால் விளக்க வேண்டும். முதலாவதாக வருகிறவருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் மூன்று மாதப் பரிமாற்ற இடம். ஒரேயொரு இடம்.

அந்த இடத்தின் மீது மிஸ்ஸிக்கு இருந்த ஆசையை மறைக்க அவருக்குத் தெரியாது. வயதெல்லைக்கு அடுத்த வருடம் அவர் வெளியே போய்விடுவார், ஆஸ்பத்திரியும் இன்னொரு தரம் லீவு தராது. "மத்த நாட்டில ஒரு ஆளுட வருத்தத்த எப்பிடி மூடி வைக்கிறாங்க எண்டு என்ட கண்ணால பாக்கணும் புள்ள. பாத்துட்டு வந்து எங்கட வாட்டத் திருத்தணும்" என்பார். முடிவு வருவதற்கு முன்னமே கடைத்தெருவில் தடித்த கம்பளிச் சட்டை ஒன்றை வாங்கி வைத்துவிட்டார். திருகோணமலை வெயிலில் அதைப் போட்டுப் பார்த்து வியர்த்து வடிந்தபடி எனக்குக் காட்டியது இப்போதும் சிரிப்பைத் தருகிறது.

மிஸ்ஸி எழுதியது ஓர் இளம் பெண்ணைப் பற்றி. அவளுக்கு என்ன வருத்தம் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. மருந்துக்குக் கட்டுப்படும், ஆனால் ஊர் வாய்க்குக் கட்டுப்படாது, அவ்வளவு தெரிந்தால் போதும். அவளுடைய ஊரையும் வீட்டாரின் தொழிலையும் மாற்றித்தான் எழுதுகிறேன், கப்பல்துறை, பாலையூற்று என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டு போகாதீர்கள். மாமியார் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் கிளினிக் வந்துகொண்டிருந்தாள். தெரிந்தால் அன்றைக்கே வெளியே போக வேண்டும், பிள்ளையை வைத்துக்கொண்டு அவளை மட்டும் அனுப்புவார்கள். இதை அவளே எங்கள் மேசையில் இருந்து அழாமல் சொன்னாள். அறிக்கையில் எழுதலாமா என்று மிஸ்ஸி கேட்டபோது, "பேரைப் போடாதேங்கோ மிஸ்ஸி. மற்றதெல்லாம் எழுதுங்கோ, என்னைப்போல ஆக்களுக்கு உதவுமெண்டால் எழுதுங்கோ" என்றாள்.

மிஸ்ஸி பெயரைப் போடவில்லை. அடையாள அட்டை இலக்கம், முகவரி, கிளினிக் இலக்கம் என்று விதிமுறை எதையெல்லாம் நீக்கச் சொன்னதோ அதையெல்லாம் நீக்கினார். அதற்குப் பதிலாக எங்கள் ஊரில் எல்லோரும் ஓர் ஆளைச் சொல்லுகிற மாதிரியே எழுதினார்: துறைமுகப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தும் விதவைத் தாயின் இரண்டாவது மருமகள், கணவன் இழுவைப் படகில் வேலை, ஒரு பெண் குழந்தை. வாசித்த ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. மேற்பார்வை செய்த கொழும்பு விரிவுரையாளர் "அடையாளம் நன்றாக மறைக்கப்பட்டுள்ளது" என்று பாராட்டியும் எழுதியிருந்தார். அவருக்கு எங்கள் ஊரைத் தெரியாது. கலியாணம் முடித்து வந்த பெண்ணை இங்கே யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? கடைக்காரம்மாட சின்ன மருமகள் என்றால்தான் ஆளைத் தெரியும். அவளுடைய பெயர் கிளினிக் அட்டையில் மட்டும்தான் இருந்தது. ஒருவருக்கும் தெரியாத அந்தப் பெயரை எடுத்துவிட்டு, ஊருக்கே தெரிந்ததை வைத்திருந்தது அறிக்கை.

விளக்கமளிக்கும் நாள் வந்தது. முன்னால் மூன்று பேர் கொண்ட குழு, பின்னால் அலுவலக ஆட்களும் துறைமுகப் பக்கத்துப் பெண்கள் சிலரும். எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று திரையில் காட்டும் படங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்யச் சொல்லியிருந்தார்கள். மிஸ்ஸி அன்றைக்கு அருமையாகப் பேசினார். குழுத் தலைவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இடம் மிஸ்ஸிக்குத்தான் என்று எனக்கு அந்த நேரமே தெரிந்துவிட்டது. எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் பொய்.

அப்போதுதான் பின்கதவால் தேத்தண்ணி வந்தது. பெரிய கேத்தல், ரோல்ஸும் பற்றிஸும் நிறைந்த தட்டுகள். யாரிடம் ஓடர் கொடுத்தார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. கொண்டுவந்தவர் அந்தக் கடைக்காரம்மா, அவளுடைய மாமியார். தட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிஸ்ஸி என்னதான் பேசுகிறார் என்று கேட்கக் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார். மிஸ்ஸி அவரைக் கண்டார். அடுத்த படத்தில்தான் சாப்பாட்டுக் கடை, இரண்டாவது மருமகள் என்ற அந்த வரி இருந்தது. படத்தை மாற்றுவது மிஸ்ஸி அல்ல, கணினிக்கு முன்னால் இருந்த அலுவலகத் தம்பி. அவன் கை ஏற்கெனவே பொத்தானில் இருந்தது.

மிஸ்ஸி பேசிக்கொண்டே இரண்டு எட்டு நடந்தார். கால் வயரில் சிக்கியதுபோல ஒரு இழுவை. பிளக் கழன்று விழுந்தது, திரை வெளுத்துப் போனது.

"கரண்ட் போயிட்டுது போல" என்றார் மிஸ்ஸி. மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். அந்தத் தம்பி பிளக்கைக் கொழுவ ஓடிவந்து வயரைப் பிடித்து இழுத்தான். வயர் வரவில்லை. மிஸ்ஸியின் வெள்ளைச் சப்பாத்து அதன்மேல் நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான். "விடுங்க தம்பி" என்றார் மெதுவாக. அந்தக் குரலுக்குப் பிறகு அவன் இழுக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. குழுத் தலைவர் நல்ல மனுசன், உதவி செய்கிறேன் என்று தன் முன்னால் இருந்த அச்சுப் பிரதியைத் தூக்கினார். "படம் தேவையில்லை மிஸ்ஸி, எங்களிட்டை அறிக்கை இருக்குத்தானே. நான் வாசிக்கிறன், நீங்கள் விளக்குங்கோ. இந்த நோயாளி, துறைமுகப் பக்கத்திலை..."

"சேர், நான் இந்த அறிக்கைய வாபஸ் வாங்குறன்."

அறிக்கையை வாபஸ் வாங்கினால் போட்டியிலிருந்தும் விலக வேண்டும், அது விதி. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். யோசித்துத்தான் சொல்லுகிறீர்களா என்று கேட்டார். "ஓம் சேர்" என்று சொல்லிக்கொண்டே மிஸ்ஸி மேசைக்குப் போய், மூவரின் முன்னாலும் இருந்த பிரதிகளை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பின்வரிசையில் கடைக்காரம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "பாவம், பயந்திட்டா போல" என்றார்.

தேத்தண்ணி நேரத்துக்குப் பிறகு முடிவைச் சொல்வதாக இருந்தது. நான் மிஸ்ஸியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். காரணத்தைச் சொன்னால் இன்னொரு தரம் விடுவார்கள், நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. "என்னண்டு சொல்லுவீங்க? மண்டபத்தில தெரிஞ்ச ஆள் ஒண்டு இருந்தது எண்டா? இண்டைக்குப் புதுசா உள்ள வந்தது ஆரு எண்டு குழுவும் பாக்கும், கந்தோரும் பாக்கும். பிறகு அந்தப் புள்ளைக்கு என்ன மிஞ்சும்? அவட குழந்தைய நெனைச்சு வாயத் திறக்காதீங்க." ஏலாது என்றேன். "ஏலும்" என்றார்.

திரும்பிப் போனேன். மேசையடியில் தலைவர் என்னிடம் கேட்டார்: "நீங்கள் அவவோடை ஒண்டா வேலை செய்தனீங்கள்தானே, என்ன நடந்தது? தகுந்த காரணமிருந்தால் சொல்லுங்கோ, பாப்பம்." அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர் கடைக்காரம்மா. எனக்கும் ஒரு கோப்பையை நீட்டிவிட்டு, என்ன சொல்லப்போகிறேன் என்று அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணி கையில் சுட்டது. "எனக்குத் தெரியாது சேர்" என்றேன். அவர் கோப்பில் ஏதோ எழுதினார். ஆயத்தம் போதாது என்று எழுதியதாகப் பிறகு அறிந்தேன்.

இடம் எனக்குக் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், மிஸ்ஸி ஏசினார். "நீங்களும் போகாட்டி அது ஆருக்கும் இல்லாமப் போகும், விசர்க்கதை கதைக்காதீங்க." புறப்படுகிற கிழமை அந்தக் கம்பளிச் சட்டையை மடித்துக் கொண்டுவந்து தந்தார். எனக்கு அது பெரிது. அந்த நாட்டுக் குளிரில் அதற்குள் ஒடுங்கிக்கொண்டு, நோயாளியின் இரகசியத்தைப் பற்றி அங்கே சொல்லித்தந்த எல்லாவற்றையும் எழுதி எடுத்தேன். நல்ல பாடங்கள்தான். அவர்களுக்கும் நீக்கவேண்டியவை என்று ஒரு அட்டவணை இருந்தது, பெயர்தான் அதில் முதலாவது.

மிஸ்ஸி இப்போதும் கிண்ணியாவில்தான் இருக்கிறார். வாட்டைக் கொஞ்சம் திருத்தியும்விட்டார். டொக்டர் கட்டிலடிக்கு வரும்போது பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடுகிறார், அதற்காகப் பல டொக்டர்மாரோடு சண்டையும் பிடித்திருக்கிறார். வேறு நாட்டைப் பார்க்கும் யோசனை அதன்பிறகு இல்லை. உள்ளகப் பயிற்சிக்கும் பரிமாற்றத்துக்கும் மாணவர்களை அனுப்பும் வேலை இன்று என்னுடையது. ஒவ்வோர் அறிக்கையையும் வாங்கும்போது கேட்பேன்: பேரை எடுத்துவிட்டீர்கள், சரி, இதைக் கிண்ணியா பஸ்ஸில் சத்தமாக வாசித்தால் பக்கத்துச் சீட்டுக்காரருக்கு ஆளைத் தெரியுமா? பிள்ளைகள் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள். பிறகு திருப்பி எழுதிக்கொண்டு வருவார்கள். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை.

போன மாதம் அதே மண்டபத்தில் விளக்கமளிப்பு. நேரத்தோடு போய், வழக்கம்போல வயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புது வயர், சாம்பல் நிறம். பின்கதவால் தேத்தண்ணி வந்தது. மாமியாருக்கு இப்போது நடக்க ஏலாது என்று கடையை அந்த மருமகள்தான் பார்க்கிறாள். உடம்பு தேறி, கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். கூடவே மகள், பள்ளிக்கூட உடுப்போடு, தட்டைத் தூக்கிக்கொண்டு. என்னைக் கண்டதும் மருமகள் சிரித்துக்கொண்டு ஒரு கோப்பையை நீட்டினாள்.

"அந்த மிஸ்ஸி எப்பிடி இருக்கிறா? என்ரை கதையை எழுதி வெளிநாட்டுக்குப் போனவாதானே?"

"இல்லை, அவ போகேல்லை" என்றேன்.

"ஐயோ, ஏன்? அவ்வளவு ஆசையா இருந்தவ."

அவளுடைய மகள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டேன்.

"அண்டைக்குக் கரண்ட் போயிட்டுது."