நஞ்சப்பன் வாசித்த தோல்வி உரை

டெக்சாஸின் சுகர் லேண்டில் சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் தமிழ் வானொலி உண்டு. வாடகைக்கு எடுத்த நேரம்; நடுநடுவே மளிகைக்கடை விளம்பரம். நடத்துகிற பிச்சுமணி அங்கிளிடம் ஸ்டுடியோ கிடையாது. அவர் மனைவி பர்வதம் ஆன்ட்டியின் துணி அறையில்தான் எல்லாம் பதிவாகும். இரண்டு பக்கமும் பட்டுப்புடவைகள் தொங்குவதால் எதிரொலி வராது. ஜன்னலும் இல்லை. கதவைச் சாத்தினால் ஒருவர் பேசலாம், இன்னொருவர் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கலாம். ரெக்கார்டர் பிடிக்கிறவன் நான்.

அந்த அறையில் பேசியவர்களில் நஞ்சப்பன் அண்ணனுக்கு இருந்த குரல் வேறு யாருக்கும் இல்லை. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவர் அவர். என் வீட்டில் நான். இதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுகிற பழக்கம் எங்கள் இருவருக்குமே உண்டு. எண்ணெய்க் குழாய்கள் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்கிடுவது அவர் வேலை.

ஊரில் ஒரே தங்கை, கவிதாமணி. அவள் மகள் தீக்ஷா பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் காது குத்தாமல் இருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், மாமன் டெக்சாஸில். ஒவ்வொரு வருடமும் நாள் பார்ப்பார்கள், தள்ளிப்போடுவார்கள். "அடுத்த தைக்குக் கண்டிப்பா வர்றேன் கவிதா" என்று இவரும் சொல்லிவிடுவார்.

அவரால் போக முடியும். திரும்பி வருவதுதான் நிச்சயமில்லை. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. இங்கேயே இருக்கும்வரை சிக்கலில்லை; ஊருக்குப் போனால் அங்குள்ள தூதரகத்தில் புது முத்திரை வாங்காமல் விமானம் ஏற முடியாது. அப்படிப் போன செழியன் என்கிற நண்பருக்கு நேர்காணல் தேதி தள்ளித் தள்ளிப் போய், இங்கே வேலையே போய்விட்டது. நாட்டைவிட்டு நகர வேண்டாம் என்றார் வக்கீல். கிரீன் கார்டு வரிசையும் நகர்வதாக இல்லை. இவருக்கோ இங்கே வீடு, பள்ளியில் படிக்கிற மகன் ஆர்யன்.

தங்கையிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அமெரிக்க அண்ணன் நினைத்தால் விமானத்தில் வந்து இறங்குவான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவளிடம், "வர முடியாது" என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை.

இந்த நிலையில்தான் பிச்சுமணி அங்கிள் ஒரு நாடகம் எழுதினார். கற்பனையான ஒரு மலைநாடு. போரில் படை தோற்றுவிடுகிறது. எதிரி வளைத்துக்கொண்ட தலைநகரிலிருந்து அந்நாட்டுத் தலைவர் வானொலியில் மக்களிடம் பேசுகிறார். தலைவராக நஞ்சப்பன் அண்ணன்.

முதல் தடவை வாசித்ததும் கதவுக்கு வெளியே அங்கிள் சத்தம் போட்டார். "கர்ஜிக்கணும் நஞ்சப்பா! தோத்தாலும் தலைவன்யா அவன்!"

"தோத்தவன் எதுக்குங்க அங்கிள் கத்தறான்? அவ்வளவு தெம்பு இருந்தா சண்டையிலயே கத்தியிருப்பானுங்களே."

"எந்த நாடு வேணா தோக்கட்டும்" என்றார் பர்வதம் ஆன்ட்டி. "என் காஞ்சிபுரத்துல வேர்வை படாம தோக்கட்டும்!"

இரண்டாம் தடவை கர்ஜித்தார், நன்றாக இல்லை. மூன்றாம் தடவை தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"நம் படை தோற்றுவிட்டது. இதை அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது, அதனால் நானே சொல்கிறேன். பாலங்கள் உடைந்துவிட்டன. நான் இருக்கும் இடத்திலிருந்து உங்களிடம் வர வழியில்லை. வருவேன் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும். எனக்காக எதையும் நிறுத்தி வைக்காதீர்கள். விதைக்க வேண்டியதை விதையுங்கள். வீட்டில் நடக்க வேண்டியது நடக்கட்டும்."

"சொல்லும்போதே எனக்குத் தெரியும்" என்பது தாளில் இல்லை. நான் ரெக்கார்டரை நிறுத்த மறந்து நின்றேன்.

சனிக்கிழமை எல்லோரும் அங்கிள் வீட்டில் கூடிப் பொங்கலும் வடையுமாகக் கேட்டோம். ஊரில் அது ராத்திரிச் சாப்பாடு முடிகிற நேரம். இணையத்தில் கேட்கும்படி தங்கைக்கும் நஞ்சப்பன் அண்ணன் சொல்லியிருந்தார்; நாடகம் என்று சொல்லவில்லை. உரை முடிந்ததும் ஆர்யன், "டாட், யூ சவுண்டட் ஸோ ரியல்" என்றான். முருங்கைக்காய் மலிவு என்று விளம்பரம் தொடங்கியபோது அவர் போன் அடித்தது. திரையைப் பார்த்தவர் எழுந்து துணி அறைக்குள் வந்தார். விளம்பரம் தொடங்கியதும் வயர் சுற்ற உள்ளே போயிருந்த நான் வெளியேறுவதற்குள் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டார். அந்த அறையின் அமைதியில் போனுக்குள் பேசுவதும் தெளிவாகக் கேட்டது.

"ஏண்ணா, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? ரேடியோலயா சொல்லுவ?"

"என்ன சொல்ற கவிதா?"

"பாத்தரம் கழுவிட்டு வந்து இப்பத்தான் போட்டேன். வர வழியில்ல, நிறுத்தி வெக்காதீங்கன்னு நீ பேசிட்டு இருக்கற. அங்க என்னண்ணா நடக்குது? உன்னைப் புடிச்சு வெச்சிருக்காங்களா?"

"அட, நாடகம் கவிதா. எழுதிக் குடுத்ததப் படிச்சேன்."

"நாடகமா!" அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடியும் சிரித்தாள். "உசுரே போயிருச்சு போ. அப்பத் தைக்கு வர்றயில்ல?"

வழக்கமான பதில் அவர் உதட்டில் வந்து நின்றதைப் பார்த்தேன். ஒரு சேலையின் முந்தானையைப் பிடித்தார். ஆன்ட்டி நினைவு வந்ததோ என்னவோ, உடனே விட்டுவிட்டார்.

"நாடகந்தான். ஆனா நான் வரல கவிதா. வர முடியாது. எப்ப முடியும்னும் தெரியாது."



"போன தைக்குச் சொன்னயே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"பள்ளிக்கூடத்துல பையனாட்ட இருக்கறான்னு புள்ளையச் சிரிக்கறாங்கண்ணா. உனக்காகத்தான வெச்சிருந்தேன்."

"இனி வெக்காத. பெரியப்பா பையன் மாரிசாமியக் கூப்பிடு. அவன் மடியில உக்கார வெச்சுக் குத்திரு."

"அவனும் அண்ணந்தான். அவன் நீயாயிருவானா?"

வெளியே அங்கிள் கதவைத் தட்டினார். "நஞ்சப்பா, போன் மேல போன் வந்துண்டே இருக்கு! வாய்யா வெளில!"

ஊரில் போன் கை மாறியது. "மாமா, காது குத்துனா வலிக்குமா?"

"வலிக்கும் சாமி. கொஞ்ச நேரந்தான். கெட்டியாப் புடிச்சுக்கோ."

"யாரை?"

கதவு மறுபடியும் தட்டப்பட்டது. அவர் இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டார்.

"மாரிசாமி மாமனை" என்றார்.