வள்ளத்தில் போன கோழி

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் வீட்டில் சோறு இருந்தது. மீன் குழம்பு இருந்தது. முருங்கைக்காய்ப் பால்கறிகூட இருந்தது. சாப்பிடத்தான் ஆள் இல்லை.

மகள் ரெஜினா தட்டைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தாள். ஏழு வயது. சத்தமே இல்லாத அழுகை. அவள் சாதாரணமாக அழுதால் பரந்தனுக்குப் போகிற மீன் லொறிக்காரனுக்கும் கேட்கும்! அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

"என்ன பிள்ளை?"

"அம்மா... நான் சவிரி மாமாவுக்குக் கோழியைக் குடுத்திட்டன்."

எங்களிடம் இருப்பதே நாலு கோழி. நாலும் முற்றத்தில் கிளறிக்கொண்டு நின்றன. எந்தக் கோழியைச் சொல்கிறாள்? துருவித் துருவிக் கேட்டேன். விஷயம் விளங்கியதும் எனக்கும் சோறு இறங்கவில்லை.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டு வாத்தியாரை, அதாவது என் புருஷனை, உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பத்தியில் எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவர். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் லத்தீன் படித்தவர். அதை இந்த முல்லைத்தீவுக் கரையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாரோடு பேசுவது? பத்து வருஷமாக அந்த லத்தீன் அலுமாரிக்குள்ளேதான் கிடந்தது.

அதை வெளியே எடுத்தவன் மகன் தாசன். ஒன்பது வயது. பூசைக்கு உதவி செய்யப் பழகுகிறான். பூசை வைக்கிற பாதிரியாரான சுவாமி லத்தீனில் ஒன்று சொன்னால், பீடத்துக்குக் கீழே முழந்தாளில் நிற்கிற பையன் லத்தீனில் பதில் சொல்லவேண்டும். தாசன் அதையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி, மூச்சு விடாமல் ஒப்புவித்தான்.

"இதுக்கு என்ன கருத்து?" என்று தகப்பன் கேட்டார்.

"கருத்து இருக்கோ அப்பா?"

வாத்தியாருக்கு வந்ததே கோபம்! கடவுளோடு பேசுகிறவனுக்குத் தான் என்ன பேசுகிறேன் என்று தெரியவேண்டாமா? அன்றைக்கே வீட்டில் லத்தீன் வகுப்புத் தொடங்கிவிட்டது. முதலில் சொற்கள். அதுவும் கண்ணுக்கு முன்னால் இருக்கிற பொருட்களின் பெயர்கள். பழைய கலண்டர்த் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை எழுதி, சோற்றுப்பசை தடவி ஒட்டினார். மேசையில் மென்சா. கதவில் போர்த்தா. தண்ணீர்க் குடத்தில் அக்குவா. குசினியில் உப்புச் சிரட்டைக்கும் ஒன்று — சால்.

எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. பக்கத்தில் தமிழ் எழுதக் கூடாது என்பது வாத்தியாரின் சட்டம். "தமிழைக் கண்டால் கண் தமிழுக்குத்தான் ஓடும்" என்றார். அதுவும் சரிதான். என் கண்ணும் அப்படித்தான்.

என் கண் என்றா சொன்னேன்? ஆமாம், நானும் படித்தேன். முப்பத்திரண்டு வயதில், அகப்பையும் கையுமாக! தாசன் காலையில் படித்ததை மாலையில் மறப்பான். நான் மாலையில் படித்ததைக் காலையில் மறப்பேன். ரெஜினா மட்டும் எதையும் மறக்கவில்லை. பெண்பிள்ளை, பீடத்தடிக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் அவள்தான் வகுப்பில் முதல். வீட்டுக்குள்ளே சாமான் முடிந்ததும் தகப்பனை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய், கோழிக்கூட்டிலும் ஒரு துண்டு ஒட்டவைத்தாள். கல்லினா. கோழி.

இனித்தான் என் குற்றம் வருகிறது.

ஒருநாள் பக்கத்து வீட்டுத் திரேசாக்கா நெருப்புப் பெட்டி கேட்டு வந்தா. குடத்தில் ஒட்டியிருந்த துண்டைக் கண்டதும் அப்படியே நின்றா. எழுத்து அவவுக்குத் தெரியாது. "இது என்ன பாசை?" என்று கேட்டா. லத்தீன் என்றேன். உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டா.

"கோயில் பாசையோ! நல்ல வேலை செய்தியள். வீட்டுக்குக் காவல்."

அக்கா, அது வெறும் தண்ணீர் என்று எழுதின துண்டு — இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. சும்மா சிரித்துக்கொண்டு நின்றேன். ஏன்? உண்மையைச் சொன்னால்தான் என்ன... அந்த மரியாதை எனக்கு ருசித்தது. அடுத்த நாளே எங்கள் வாசலுக்கு வந்த பெண்கள் கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். மேசையைக்கூட ஒருத்தி கும்பிட்டாள்!

இதை வாத்தியாரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பிழை. நாளைக்கே சொல்லிப்போடும்."

"சொல்லுறன், சொல்லுறன்."

அந்த நாளை வரவே இல்லை.

திரேசாக்காவின் புருஷன் சவிரிமுத்து அண்ணை புது வள்ளம் எடுத்திருந்தார். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. சுவாமி வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் புது வள்ளம் தண்ணீரில் இறங்காது. எங்கள் கோயிலுக்குச் சுவாமி இரண்டு கிழமைக்கு ஒரு தடவைதான் வருவார். அந்த ஞாயிறு அவருக்குக் காய்ச்சல். வரவில்லை. கடலில் கீரி மீன் குவிகிறது. அண்ணையின் வள்ளம் மணலில் கிடக்கிறது. ஒரு மனிதன் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பான்?

திங்கள் பின்னேரம் நான் கிணற்றடியில் நின்ற நேரம், அண்ணை வேலிக்கு அருகே வந்து ரெஜினாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

"பிள்ளை, அந்தக் கோயில் பாசைக் கடுதாசியிலை ஒண்டு தாவன். வள்ளத்துக்கு."

அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் ஒட்டியிருப்பதைக் கிழித்தால் தகப்பன் அடிப்பார். ஒரேயொரு துண்டுதான் ஒட்டாமல் இருந்தது. மழையில் கழன்று விழுந்ததைப் பொறுக்கிக் கணக்குக் கொப்பிக்குள் வைத்திருந்தாள். அதைக் கொடுத்துவிட்டாள். அண்ணை அதை வள்ளத்தின் முன்பக்கத்தில் உள்ளே ஒட்டி, சிலுவை போட்டு, செவ்வாய் விடிய மச்சானையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்.

அது கோழிக்கூட்டுத் துண்டு!

பத்து மணிக்குக் கச்சான் காற்று கிளம்பியது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கிட்ட நின்ற வள்ளங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அண்ணை தூரத்தில் நின்றவர். புது வள்ளம், புதுப் பாய்... வரவில்லை. மத்தியானமாகியும் வரவில்லை.

"கோழிக்கு நீந்தத் தெரியாதே அம்மா!" என்று ரெஜினா விம்மினாள். "மீன் எண்டு எழுதினதைக் குடுத்திருந்தா மாமா வந்திருப்பார்."

"ஒரு கடுதாசித் துண்டு வள்ளத்தைத் தாழ்க்கவும் மாட்டுது, காக்கவும் மாட்டுது பிள்ளை."

"அப்ப, திரேசா மாமி கும்பிடேக்கை நீங்கள் ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?"

நீங்களானால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் அவளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன்.

திரேசாக்கா மணலில் செபமாலையோடு இருந்தா. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டா.

"உங்கடை கடுதாசி அவரோடை போயிருக்குத் தங்கச்சி. ஒண்டும் ஆகாது, என்ன?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எந்த வாய் வரும்? அவவுக்கு அப்போது பிடித்துக்கொள்ள இருந்ததே அந்தத் துண்டு ஒன்றுதான். பக்கத்தில் இருந்து நானும் செபமாலை சொன்னேன். ரெஜினா என் மடியில் முகத்தைப் புதைத்தபடி கிடந்தாள். அந்த மனிதனுக்கு ஏதாவது நடந்தால் இந்தப் பிள்ளை இதைச் சாகும்வரை சுமக்குமே என்ற ஒரே நினைப்புத்தான் எனக்கு. ஒரு சொல் சொல்லப் பஞ்சிப்பட்டு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவள் நான். சுமக்கப் போவது அவள்.

மூன்று மணிக்குமேல் கச்சான் விழுந்தது. கடல் காற்றுத் திரும்பியது. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளும் விட்டு, வாத்தியாரும் தாசனும் ஓடிவந்து எங்கள் பக்கத்தில் நின்றார்கள்.

தாசன்தான் முதலில் கண்டான். "பாய்!"

வெள்ளையாக ஒரு பொட்டு. பிறகு ஒரு முக்கோணம். பிறகு வள்ளம். ஒரு தலை... அந்தோனியாரே, மற்றத் தலை எங்கே? தண்ணீர் இறைக்கக் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். இரண்டு தலை! சிரித்தேனோ அழுதேனோ தெரியாது. ரெஜினா சட்டையோடு தண்ணீருக்குள் ஓடினாள்.

அண்ணை குதித்து இறங்கியதும் வள்ளத்தின் முன்பக்கத்தைத்தான் தொட்டார். மை கலைந்து போயிருந்தது. துண்டு மட்டும் விடாமல் ஒட்டியிருந்தது.

"இதுதான் எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது!"

கூடி நின்றவர்கள் எல்லாம் சிலுவை போட்டார்கள். வாத்தியார் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, அது செபம் இல்லை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சத்தமாகச் சொன்னேன். "பிள்ளையள் படிக்கிறதுக்கு ஒட்டின துண்டு. கோழிக்கூட்டிலை இருந்தது. கோழி எண்டுதான் எழுதியிருக்கு. பிள்ளையிலை பிழை இல்லை. முந்தியே சொல்லியிருக்க வேண்டியது நான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

திரேசாக்கா என்னைப் பார்த்தா. அண்ணை துண்டைப் பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்ற ரெஜினாவைப் பார்த்தார்.

"கோழியோ?"

"ஓம், மாமா" என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்தபடி.

"பின்னைச் சரியாத்தானே குடுத்திருக்கிறாய்! பொழுதுபட முதல் வீட்டை வாறது கோழிதானே?"

முதலில் மச்சான் சிரித்தார். பிறகு கரை முழுவதும் சிரித்தது. திரேசாக்கா அழுதுகொண்டே சிரித்தா. என் முதுகில் ஒரு அடியும் வைத்தா. நன்றாக நொந்தது. அவ்வளவு சுகமான அடியை நான் என் வாழ்நாளில் வாங்கியதில்லை. வீட்டுக்கு வந்ததும் ரெஜினா ஆறிப்போன குழம்போடு மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

வாத்தியார் தன் சட்டத்தை மாற்றிவிட்டார். இப்போது ஒவ்வொரு துண்டிலும் லத்தீனுக்குக் கீழே கொட்டை எழுத்தில் தமிழ் இருக்கிறது. காய்ச்சல் மாறி, முறை இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை சுவாமி வந்து வள்ளத்தை முறைப்படி மந்திரித்தார். துண்டைக் கண்டு, "இது என்ன?" என்று கேட்டார். அண்ணை முழுக்கதையையும் சொன்னார். சுவாமி சிரித்த சிரிப்பில் தீர்த்தம் பாதி மணலில் சிந்திவிட்டது.

நேற்றுக் காலை வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். வள்ளக்காரர்கள். "ரெஜினாப் பிள்ளை நிக்கிறாவோ? எங்களுக்கும் ஒவ்வொரு கடுதாசி வேணும்."

இந்தத் தடவை நான் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை. அது செபம் இல்லை, மந்திரம் இல்லை, கோழி, வெறும் கோழி என்று மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தேன்.

"ஓம், தெரியும்" என்றார்கள். "அதுதான் வேணும்."