மாமாவுக்குக் கொண்டுபோன இளநீர்

பெரியம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அன்றைக்கு என் ஆத்திரமெல்லாம் அத்தை மேல்தான் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மாமாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் பச்சைத் தோலுக்கு உப்புப் போடுகிற வேலை. இரண்டு கிட்னியும் கெட்டுப்போய் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் ரத்தம், அந்தப் பக்கம் சுத்தமான திரவம். யாரும் பிடித்துத் தள்ளாமலே ரத்தத்தின் அழுக்கு அந்தப் பக்கம் போய்விடும். "நான் தோலுக்கு உப்ப ஏத்துறேன், இவங்க எனக்கு உப்ப எறக்குறாங்க" என்று மாமா சிரிப்பார்.

தண்ணீர் கேட்கும்போது மட்டும் அந்தச் சிரிப்பு இருக்காது. உதடு வெடித்து, கையை நீட்டிக் கெஞ்சுவார். பக்கத்திலேயே இருந்த அத்தை ஒரு வாய் கொடுத்துவிட்டுத் தம்ளரை எடுத்து வைத்துவிடுவாள். ராட்சசி! கல் நெஞ்சுக்காரி! நான் அவளோடு பேசுவதையே நிறுத்தியிருந்தேன்.

கிட்னி கெட்டால் சூடு, சூட்டுக்கு இளநீர். எங்கள் குடும்பத்தில் இதற்கு மேல் வைத்தியம் கிடையாது. பெரியம்மா ஒரு குலை இளநீரைப் பஸ்ஸில் ஏற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அத்தை மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து ஒன்றைச் சீவி மாமாவின் வாயருகே கொண்டுபோனாள். மாமாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குள் ஓடிவந்த அத்தை ஒரே தட்டாகத் தட்டிவிட்டாள். இளநீர் தரையெல்லாம் கொட்டியது.

"பொம்பளையாடி நீ?" என்று பெரியம்மா பாய்ந்தாள்.

"என்னைய தாகத்துலயே சாவடிக்கிறா அக்கா!" என்று மாமாவும் கத்தினார்.

"அண்ணி, ஒடம்புல தண்ணி தங்கிடும்னு தண்ணியே அளவாத்தான் குடுக்க சொல்லிக்கிறாரு டாக்டரு. எளநீர்ல ஒரு உப்பு வேற ஜாஸ்தியா கீது. அத வெளிய தள்ள இவருக்கு கிட்னி இல்ல. ரத்தத்துல ஏறிச்சின்னா நெஞ்சே நின்னு பூடும்! மெஷினு எடுக்கிறத நீங்க வாயில ஊத்துறீங்களே!"

யார் கேட்டார்கள்? "நாலெழுத்து படிச்ச திமிரு" என்று பெரியம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அத்தை சொன்னது அத்தனையும் சரி. ஜாஸ்தியாக இருக்கிற இடத்திலிருந்து கம்மியாக இருக்கிற இடத்துக்குப் போவதுதான் உடம்புக்குள் நடக்கிற ஓயாத போக்குவரத்து. மூச்சுக்காற்று ரத்தத்தில் சேர்வதும் அப்படித்தான், மெஷினில் அழுக்கு இறங்குவதும் அப்படித்தான், இளநீரின் உப்பு குடலிலிருந்து ரத்தத்தில் ஏறுவதும் அப்படித்தான். பாசத்தோடு கொண்டுவந்ததா என்றெல்லாம் அது விசாரிக்காது. கூடப் பிறந்த பாசம் என்று மார்தட்டியவர்கள்தான் அன்றைக்கு மாமாவைக் கொல்லப் பார்த்தார்கள். கெட்ட பெயர் என்னவோ அத்தைக்கு!

கொஞ்ச நேரம் கழித்து அத்தை வராந்தாவுக்குப் போனாள். அழுத முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வார்டைப் பெருக்குகிற அம்மா ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினாள். அத்தை, மாமாவுக்குக் கொடுப்பதுபோலவே ஒரே ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீயாவது வயிறு ரொம்பக் குடியேம்மா. தெனமும் இதே கதையா?" என்று அந்த அம்மா சலித்துக்கொண்டாள்.

கொடுத்த தண்ணீரைக்கூட வேண்டாம் என்கிறாளே, எவ்வளவு திமிர் பார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.