பரமண்ணையின் கதிரை

போன சனிக்கிழமை சிட்னியில் நார்த்மீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளப்பில் நண்பர் ஒருவரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் சாப்பாடு. இந்த வயதில் எங்களுடைய கூட்டங்கள் ஒன்றில் பிறந்தநாள், இல்லாவிட்டால் செத்தவீடு. இரண்டிலும் அதே முகங்கள், அதே உருளைக்கிழங்கு. கேக் வெட்ட முதல் காலை உதறிவிட்டு வருவோம் என்று எழும்பி நடந்தேன். பின்பக்க மூலையில் சின்னப் பந்தயத்துக்குப் போக்கர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கதிரை காலி. அதன் முதுகில் ஒரு ஜக்கெற் தொங்கியது, முன்னால் பந்தயக் காசுக்கான சிப்ஸ் அடுக்கு. சீட்டுப் பிரிக்கிற பெண் அந்தக் காலிக் கதிரைக்கும் இரண்டு சீட்டுப் போட்டாள். அடுக்கிலிருந்து ஒரு சிப்பை எடுத்து நடுவில் வைத்தாள். பிறகு அந்த இரண்டு சீட்டையும் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டாள்.

இதில் இருந்தவர் எங்கே என்று சொந்தக்காரன் மாதிரிப் போய்க் கேட்டேன். ரொய்லெற்றுக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிட்டு அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். நான் கேக்கை மறந்து அங்கேயே நின்றேன். ஒரு பொடியன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து அந்தக் கதிரையில் குந்தின பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கிழவனுக்கு விசர் என்று நினைக்கிறீர்களா? நினையுங்கள். கதையைக் கேட்டுவிட்டு நினையுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில் இருந்த எங்கட ஆட்கள் எல்லாரும் ஒரு வான் வண்டிக்குள் அடங்கிவிடுவார்கள். நான் ஒரு கொம்பனியில் படம் கீறுகிறவனாக இருந்தேன். பரமண்ணை, முழுப்பெயர் பரமலிங்கம், ஊரில் எஞ்சினியர், இங்கே பற்றறி செய்கிற தொழிற்சாலையில் மேற்பார்வை. என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை எடுத்து இருந்தோம். சமையல் அவர், கோப்பை கழுவுவது நான். அவருடைய மனைவி யோகக்கா ஊரில். நான் அவவை நேரில் கண்டதேயில்லை. ஆனால் யாராவது ஊரிலிருந்து வந்தால் அவ அனுப்பின தட்டைவடையும் மிளகாய்த்தூளும் வரும். வடைப் பையில் பாதி என் பெயருக்கு. 'தம்பி ஒழுங்காச் சாப்பிடுறாரோ' என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு எழுதுவா. காணாத ஒருத்தியின் கைப்பக்குவத்தில் நான் அந்த நாடுவிட்ட காலத்தைக் கடத்தினேன் என்று சொன்னால் அதில் மிகை ஒன்றும் இல்லை.

அப்போது ஊருக்கு ரெலிபோன் எடுப்பது லேசான காரியமில்லை. கோல் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்தால் ஒப்பறேற்றர் திருப்பி அடிப்பார். அது அரை மணித்தியாலத்திலும் வரும், பொழுதுபடவும் வரும். நாங்கள் இருந்த வீட்டுச் சொந்தக்காரி ரெலிபோனைத் தொட விடமாட்டாள். அதனால் சென்ட்ரல் ஸ்ரேசனுக்குக் கிட்ட ஸ்டாவ்ரோ என்ற கிரேக்கரின் கோப்பிக் கடையிலிருந்துதான் புக் பண்ணுவோம். ஒரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு கறுவல்கள் பின்னேரம் முழுக்க மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் மனுசன் என்ன செய்வான்? ஒருநாள் மேலே கையைக் காட்டி, "மேல போய் இருங்கள், கோல் வந்தால் கூப்பிடுறன்" என்றார்.

இப்படித்தான் நான் சூதாட்டத்துக்குப் போனேன். அம்மாவோடு கதைக்கப் போய் அதில் விழுந்தேன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டா.

மேல்மாடியில் ஒரு நீட்டு அறை. லைசன்ஸ் கிய்சன்ஸ் ஒன்றும் கிடையாது. 'கஸினோ' என்று பெயர் வைத்தது நாங்கள்தான். நடுவில் பச்சைக் கம்பளம் விரித்த மேசை. மூலையில் மண்ணெண்ணெய் ஹீற்றர். மண்ணெண்ணெய் நாற்றம் தெரியாமல் இருக்க அதன் தலையில் தோடம்பழத் தோலை, அதுதான் ஒரேஞ்சுத் தோலை, வைத்து வாட்டுவார்கள். இப்பவும் தோடம்பழம் உரிக்கிற மணம் வந்தால் எனக்குக் கை சீட்டைத் தேடும். என் மனைவி சாப்பாட்டு மேசையில் உரிக்கிறபோது நான் எழும்பிப் போய்விடுவேன்.

சீட்டுப் பிரித்தவர் லஸ்லோ என்ற ஹங்கேரிக் கிழவர். ஒருகாலத்தில் தையல்காரர். சிரித்து நான் கண்டதில்லை. அங்கே விளையாடினது மணிலா என்று ஒருவகைப் போக்கர். முதல்நாள் அவர் கட்டைப் பிரித்து இரண்டிலிருந்து ஆறு வரை இருந்த சீட்டுகளை எல்லாம் எடுத்துப் புறம்பாக வைத்தார். முப்பத்திரண்டு சீட்டு மிச்சம். பரமண்ணை என் தொடையில் தட்டினார்.

"டேய், இது எங்கட முந்நூற்றிநாலுக் கட்டெல்லே!"

முந்நூற்றிநாலு விளையாடின யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அதுவும் அதே முப்பத்திரண்டு சீட்டுத்தான். ஆனால் அதில் ஜாக்தான் எல்லாவற்றுக்கும் பெரியவன், ராசாவும் ராணியும் அவனுக்கு முன்னால் செல்லாக்காசு. இன்னொன்று, அது கூட்டாளி விளையாட்டு. எதிரே இருக்கிறவன் உன்னுடைய ஆள். அவன் வென்றால் நீ வென்றாய்.

போக்கரில் இந்த இரண்டு பழக்கமும் ஆளைக் கவிழ்க்கும். பரமண்ணைக்கு இரண்டும் இருந்தது. கையில் ஒரு ஜாக் வந்தால் அவரால் அதை எறிய முடியாது. முகம் மலர்ந்துவிடும். அவர் முகம் மலர்ந்தால் மேசை முழுக்கச் சீட்டை மடக்கிவிடும். அதைவிடப் பகிடி, நான் எதிர்க்கதிரையில் இருந்தால் என்னைக் கூட்டாளி என்றே நினைத்துக்கொள்வார். புருவத்தை உயர்த்திச் சாடை காட்டுவார். அவருடைய சிப்ஸை நான் வென்று அள்ளினால், "நல்லா விளையாடினாயடா" என்று சந்தோசப்படுவார். இப்படி ஒரு மனுசனோடு எப்படிச் சூதாடுவது?

லஸ்லோவுக்கு இது பொறுக்காது. "இந்த மேசையில் ஒருவருக்கும் கூட்டாளி கிடையாது" என்று சீட்டைக் கலைத்தபடி சொல்லுவார். வாராவாரம் சொல்லுவார்.

நானும் பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பயந்தாங்கொள்ளி. நல்ல சீட்டு வரும்வரை பூசைக்கு இருக்கிறவன் மாதிரி இருந்து, வந்ததும் எல்லாரும் ஓடிவிட, நடுவில் கிடக்கிற சில்லறையைப் பொறுக்குவேன். சில சனிக்கிழமைகளில் வென்று நல்ல மீனாக வாங்கிக்கொண்டு ராசா மாதிரி ரெயின் ஏறினதும் உண்டு. கிழமை முழுக்கப் பாணும் ஜாமுமாகக் கிடந்ததும் உண்டு. ஒருதரம் கையில் கெட்டிச் சீட்டை வைத்துக்கொண்டு, இதோடு ஒரு கமரா வாங்கலாம் என்று மனதுக்குள் படம்கூடப் பிடித்துவிட்டேன். கடைசிச் சீட்டில் ஒரு இத்தாலியன் அள்ளிக்கொண்டு போனான். பரமண்ணை அன்றைக்கு எனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்தார்.

மேசையில் ஒரு விதி இருந்தது. இடையில் எழும்பிப் போகிறவனின் கதிரையும் சிப்ஸும் அப்படியே இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லாரும் முதலில் போடுகிற ஒரு சிப்பை அவன் அடுக்கிலிருந்து லஸ்லோ எடுத்துப் போடுவார். அவனுக்கும் சீட்டு விழும், பார்க்காமலே ஒதுக்கப்படும். அடுக்கு முடிந்தால் கதிரை அடுத்த ஆளுக்கு. சுவரோரம் ஒரு நீட்டு மர வாங்கு, அதில் குந்தியபடி எப்பவும் யாராவது இடத்துக்குக் காத்திருப்பார்கள்.

பரமண்ணை முந்தின தீபாவளிக்கு லீவில் ஊருக்குப் போய் வந்திருந்தார். யோகக்காவுக்குப் பிள்ளைப்பேறு கிட்டினது ஒரு ஆடி மாதம். கொழும்பில் தமையன் வீட்டில் வந்து நின்றா, அங்கேதான் ரெலிபோன் இருந்தது. அந்தச் சனிக்கிழமை கோலைப் புக் பண்ணிவிட்டு மேலே ஏறினோம். வெளியே சிணுசிணுத்த மழை. பரமண்ணை ஒரு இடத்தில் இருக்கவில்லை. பெடியன் எண்டால் இந்தப் பேர், பெட்டை எண்டால் இந்தப் பேர் என்று சீட்டைப் பார்க்காமலே பந்தயம் கட்டினார். பார்க்காமல் கட்டின அன்றைக்குத்தான் அவருக்கு வென்றது! முகத்தில் ஒன்றும் தெரியாததால் எல்லாரும் ஏமாந்தார்கள். முன்னால் ஒருநாளும் இல்லாத உயரத்துக்கு அடுக்கு.

கீழேயிருந்து ஸ்டாவ்ரோ கூப்பிட்டார். பரமண்ணை துள்ளி எழும்பினார். கோட்டைக்கூட எடுக்கவில்லை.

"போயிட்டு வாறன். என்ர கதிரையைப் பாத்துக்கொள்."

அப்பாவாகப் போகிற மனுசனுக்கு நான் கையசைத்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தேன். ஒரு சுற்றுப் போனது, இன்னும் ஒன்று. லைன் இழுபடுகிறது போலும் என்று நினைத்தேன். பிறகு, மனுசன் சந்தோசத்தில் இனிப்பு வாங்க ஓடியிருக்கும் என்று நினைத்தேன். லஸ்லோ ஒருதரம் கோப்பி குடிக்கக் கீழே இறங்கிப்போய் வந்தார். வந்து குந்தி, காலிக் கதிரைக்கும் சேர்த்துச் சீட்டுப் போட்டார்.

அடுக்கு இறங்கிக்கொண்டே வந்தது. வாங்கில் ஒரு மால்ட்டாக்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. பிள்ளை பிறந்த நாளில் மனுசன் திரும்பி வந்து நிற்க இடமில்லாமல் நிற்பதா? என்னுடைய சிப்ஸில் கொஞ்சத்தை எடுத்து அவருடைய அடுக்கின் மேல் வைத்தேன். அது அந்த மேசையில் கூடாத காரியம். எல்லாருக்கும் தெரியும். நான் லஸ்லோவைப் பார்த்தேன், திட்டு விழப்போகிறது என்று. கிழவர் தோடம்பழத் தோலைத் திருப்பிப் போடுகிற சாட்டில் ஹீற்றர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பவும் வைத்தேன். திரும்பவும். அவருக்கு விழுகிற சீட்டெல்லாம் யாரும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தன. அதில் எத்தனை ஜாக் போயிற்றோ! கடைசியில் என் முன்னால் ஒன்றும் இல்லை. லஸ்லோ கட்டைக் கீழே வைத்தார்.

"கீழே போ. குசினிக்குள் இருக்கிறான்" என்றார்.

ஸ்டாவ்ரோவின் குசினி நாங்கள் இருந்த மேசைக்கு நேர் கீழே. பரமண்ணை ஒரு வெங்காயச் சாக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஸ்டாவ்ரோவின் மனைவி அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு இருந்தா. முன்னால் ஒரு சூப் ஆறிப்போய்க் கிடந்தது. நான் சிரித்துக்கொண்டே போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"பொம்பிளைப் பிள்ளை" என்றார். "பிள்ளைக்கு ஒண்டுமில்லை. யோகம் போயிட்டாளடா."

ஏன் என்னைக் கூப்பிடவில்லை, இவ்வளவு நேரமும் தனிய இருந்தீர்களே என்று என்னவோ உளறினேன். அவர் தலையை நிமிர்த்தி முகட்டைப் பார்த்தார்.

"மேலை சிப்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நீ விளையாடிக்கொண்டிருந்தாய். நான் மேலை வந்தா உனக்குச் சொல்லவேணுமெல்லே. உனக்கெண்டாலும் அவள் இன்னும் கொஞ்சநேரம் இருக்கட்டும் எண்டு இருந்திட்டன்."

அதற்குப் பிறகு அவர் சீட்டைத் தொடவில்லை. அந்தக் கிழமையே ஊருக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவருடைய கோட்டை எடுக்க நான் திரும்ப மேலே ஏறினபோது அந்தக் கதிரையில் ஒருவரும் இல்லை. மால்ட்டாக்காரர் வாங்கிலேயே இருந்தார். லஸ்லோ கோட்டை மடித்துத் தந்தார், தையல்காரரின் மடிப்பு. நானும் பிறகு அந்தப் படி ஏறவில்லை.

பிள்ளையைத் தனிய வளர்த்தார். யோகக்காவின் ஒன்றுவிட்ட தங்கச்சியை எனக்குப் பேசிச் செய்து வைத்தவரும் அவர்தான். பிறகு ஊர் பற்றி எரிந்த காலத்தில் மகளோடு ரொறொன்ரோ போய்ச் சேர்ந்தார். பொங்கலுக்கும் வருசத்துக்கும் கதைப்பார். என் மனைவிக்கு அவர் கூடப்பிறவாத தமையன்.

அந்தக் கோப்பிக் கடை இப்போது இல்லை. மேல்மாடியில் நகத்துக்குப் பூச்சுப் பூசுகிறார்கள். மணிலா என்றால் இந்தக் காலத்துப் பொடியளுக்குத் தெரியாது. கோல் புக் பண்ணுகிற கதையைச் சொன்னால் பேரப்பிள்ளைகள், "வை டிட்ன்ட் யூ ஜஸ்ட் டெக்ஸ்ட்?" என்கிறார்கள். இவையெல்லாம் போனதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஒரு செய்தி நடந்ததற்கும் அது நம்மிடம் வந்து சேர்வதற்கும் நடுவில் ஒரு பின்னேரம் கிடந்ததே, அது போய்விட்டது. அதுதான் பொல்லாத நட்டம்.

போன மாதம் பிளாக்டவுன் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். சட்டைப்பைக்குள் ரெலிபோன் அதிர்ந்தது. 'அங்கிள், அப்பா பாஸ்ட் அவே திஸ் மோர்னிங்.' பரமண்ணையின் மகள். கையில் இருந்த முருங்கைக்காயைக் கீழே வைக்கக்கூட நேரம் இருக்கவில்லை, அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து காரை நிற்பாட்டினேன். இறங்கவில்லை. குசினி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மனைவி ஏதோ தாளித்துக்கொண்டு, வாய்க்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறா. கறிவேப்பிலைக்குத்தான் காத்துக்கொண்டு நிற்கிறா. கறிவேப்பிலை என் மடியில் இருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"என்னப்பா, காருக்குள்ள இருந்து என்ன செய்யிறியள்? வாறியளோ இல்லையோ?"

"ஓம் ஓம், வாறன்" என்றேன். இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.